பெரட்டு மணி

தையில் உறைபனி கொழுந்தைக் கருக்கியது.
மாசி வெயிலில் மண் வாய் பிளந்தது,
லயத்துக்குப் பின்னால், எங்கள் வீட்டுக்கு மேலே.
மட்டக்கம்பை விட்டுப் பார்த்தேன்.
அடி தட்டவில்லை.

தேவிகுளத்திலிருந்து சாபு சார் வந்தார்.
பிளவின் இரண்டு உதட்டிலும் சிமெண்ட் அப்பி
நடுவே ஒரு துண்டு ஜன்னல் கண்ணாடி பதித்தார்.
"இது பொட்டியால் விளிக்கணும்."
உடைவதற்கு அவர்கள் சொல் அது.
நாங்கள் அதை மலையின் பொட்டு என்றோம்.
கடைசி வீடு என்னுடையது என்பதால்
காலையில் பொட்டு பார்ப்பது என் வேலையானது.
அதற்குக் கூலி இல்லை.

பங்குனி முழுக்க அது முழுசாக இருந்தது.
குனிந்தால் என் மூக்குத்தி தெரியும்,
பின்னால் கொஞ்சம் வானம்.

சித்திரையில் மூன்று நாள் மழை.
மூன்றாம் இரவு கதவைச் சாத்தப் போனேன்.
ஒரு விரலால் சாத்துகிற கதவு.
பாதியில் நின்றது.
தோளால் முட்டினேன். தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்து
பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு போட்டது.

டார்ச்சோடு ஏறினேன்.
கண்ணாடியில் கீறலில்லை.
சாக்கை முக்காடிட்டு அங்கேயே நின்றேன்.
குழாய்க்கு வருகிற ஊற்று
சாயா நிறத்தில் ஓடியது.
அப்போதுதான் புரிந்தது:
உதடு இரண்டும் சேர்ந்தே போகின்றன,
பொட்டு, வீடு, நான், எல்லாம் ஒரே துண்டில்.

சாபு சாரை அழைத்தேன்.
"பொட்டியோ?"
"இல்லை சார்."
"பின்னே எந்தா?"
போனைத் தரையோடு பிடித்துக்
கதவை இழுத்துக் காட்டினேன்.
கேட்டாரா, டவர் போய்விட்டதா, தெரியாது.

பெரட்டுக்களத்து மணியை அடித்தேன்.
இருபத்திரண்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது.
இருட்டிலும் கூடையை மாட்டிக்கொண்டே வந்தாள் அன்னத்தாய்.
விஷயம் தெரிந்ததும்
என் பரம்பரையை முழுக்க இழுத்துத் திட்டினாள்.
திட்டிக்கொண்டே பிள்ளைகளை எண்ணினாள்.
தவசியின் ஜீப்பில் குழந்தைகள், பிரசவித்தவள்,
மற்றவர்கள் நடை,
ஸ்கூல் இருக்கிற மேட்டுக்கு.

விடிந்தது.
லயம் அதே இடத்தில் இருந்தது,
தகரக் கூரை மழையில் கழுவிப் பளபளத்தபடி.
ஒரு கல்கூட உருளவில்லை.
எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது,
உருண்டிருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன்,
அதற்கும் சேர்த்து.
தூங்காத கைக்கு இலை வராது என்று
சூப்பர்வைசர் பெனடிக்ட் எல்லோருக்கும் அரைப்பேர் போட்டான்.
மத்தியானம் எல்லோரும் லயத்துக்குத் திரும்பினார்கள்.
உலை வைத்தார்கள்.

சாயங்காலம் மேற்கே கறுக்கிறது.
கதவை நான் சாத்தவில்லை,
சாத்த முடியவுமில்லை.
மணிக்கயிற்றை யாரோ அவிழ்த்து
எட்டாத உயரத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

போகும்போது
ஸ்டூலை எடுத்துப்போக வேண்டும்.