ஆர்

நாற்பத்திரண்டு நாளில்
ஒரு வாழ்வைத் தின்று முடிக்கிற பிராணி அது.
களுதாவளையில், வெற்றிலைக் கொடிக்கும் கடற்காற்றுக்கும் நடுவே
என் தகரக் கொட்டிலில்
முந்நூறு.

குஞ்சுப் பெட்டி இறங்கிய அன்றே
தண்ணிச் சட்டியில் மஞ்சள் பொதி கரையும்.
வந்த நோய்க்கல்ல, வராமலிருக்க.
மழை இருட்டினால் இன்னொரு பொதி.
ஒரு குஞ்சு தலை சாய்ந்தால்
முந்நூறுக்கும்.
விற்க ஏழு நாள் முன்னம் நிறுத்தச் சொல்லி
பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் கிடந்தது.
நான் முன்பக்கம் மட்டும் வாசிக்கிறவள்.

கார்த்திகை வெள்ளத்துக்குள்
பேரின்பத்தின் குதிக்காலைக் கூரைத் தகரம் வெட்டிற்று.
நாலு தையல், ஒரு கட்டு, ஒரு சரை குளிசை.
மறுகா இன்னொரு சரை.
மறுகா கால் பூசணி நிறத்தில் பழுத்து
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பாயில் கிடந்தார்.
சீழைப் பஞ்சில் தொட்டு எங்கோ அனுப்பினார்கள்.
மூன்றாம் நாள் தாள் வந்தது:
இடப்பக்கம் மருந்துகளின் பேர்,
வலப்பக்கம் ஒற்றை இங்கிலிசு எழுத்து.
தாதி விரல் வைத்து வாசித்தாள்.

ஆர்.
ஆர்.
ஆர்.
ஆர்.
எஸ்.

எங்கட பக்கத்தில் அது கேள்வி.
படலை தட்டுப்பட்டால் கேட்பது.
பிணத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பது.

"ஆர் எண்டா அந்த மருந்துக்குக் கிருமி மசியாது அக்கா.
கடைசி ஒண்டுக்குத்தான் அடங்கும்."
இரண்டாம் வரியின் பேர் எனக்குத் தெரியும்.
மஞ்சள் பொதியில்
சேவல் படத்துக்கு மேலே இருக்கும்.

டொக்டரிடம் கேட்டேன்.
எங்கயிருந்து வந்ததெண்டு சொல்லேலாது, என்றார்.
சொல்லேலாது என்பது
இல்லை என்பதல்ல.

அடுத்த தொகுதிக்கு
காத்தான்குடியில் கருஞ்சீரகம் ரெண்டு கிலோ.
"ஆருக்கு இவ்வளவு?" என்றார் கடைக்காரர்.
கோழிக்கு என்றேன்.
சிரித்து, ஒரு கைப்பிடி கூடப் போட்டார்.
முருங்கையிலையை நிழலில் காயவிட்டேன்.
மஞ்சள் விலையைக் கேட்டுவிட்டு
அரைக் கிலோவைக் கால் கிலோவாக்கினேன்.
உள்ளி இடித்த கை
மூன்று நாள் சோற்றிலும் மணந்தது.
மில்லுக்காரன் இனி மிளகாய்த்தூள் ஆரும் தரமாட்டார்களென்று
சண்டை பிடித்தான்.

கோழிகள் கொத்திப் பார்த்துவிட்டு
தீனை உமிக்குள் கிளறி எறிந்தன.
பத்தொன்பது செத்தது.
மஞ்சள் பொதி அலுமாரிக்குமேல் இருந்தது,
கை எட்டுகிற உயரத்தில்.
இரண்டு தரம் கதிரையில் ஏறி
இரண்டு தரமும் இறங்கினேன்.

வந்தாறுமூலையில் படிக்கிற பிரணவரூபன்
உமியை உள்ளங்கையில் பிசைந்தான். ஈரம்.
"உள்ளியைக் குறையுங்க. உமியை மாத்துங்க.
தண்ணிச் சட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்க்கணும்.
அம்பது கோழியைக் குறைச்சு விடுங்க.
இலை மந்திரமில்லை அக்கா."
மந்திரமாக இருந்திருந்தால்
எவ்வளவு லேசு.

ஏறாவூர் ஜவுபரின் லொறி வந்தது.
தராசு ஆளைப் பார்ப்பதில்லை.
கோழிக்கு நூற்றெழுபது கிராம் குறைவு.
"சின்னதாக் கிடக்கே ராத்தா" என்றார்.
மருந்து போடேல்ல என்றேன்.
அதுக்கொரு விலை இருக்கா என்று கேட்டேன்.
அவர் கால்குலேற்றரைப் பார்த்தார்.
இல்லை என்று அதுதான் சொன்னது.

இது ஐந்தாம் தொகுதி.
கிராம் நூற்றெழுபதிலிருந்து தொண்ணூறுக்கு வந்திருக்கிறது.
கடன் வந்த இடத்திலேயே நிற்கிறது.

இரவு நாய் குரைக்கிறது.
கொட்டிலுக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம்.
கீரியோ, கள்வனோ.
டோர்ச் இன்னும் எரியவில்லை,
அதற்குள் வாய் கேட்டுவிடுகிறது:
ஆர்?

"நான்தான்" என்கிறது இருட்டு.
ஒற்றைக் காலை உமியில் இழுத்தபடி
தண்ணிச் சட்டிகளைக் கழுவிக்
கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல்
நானும் ஒரு சட்டியை எடுக்கிறேன்.