சுவருக்கு எதிராக வாக்களித்தோம்

ஸ்விண்டனில் இந்த வீட்டை வாங்கியபோது
சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே
ஒரு சுவர் இருந்தது.
அதன்மேல் எங்களுக்குப் பகை எதுவும் இல்லை.
வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் சொல்லித்தான் தெரிந்தது
அது வெளிச்சத்தை மறைக்கிறதென்று.

இடிக்கலாம் என்றான் பூவண்ணன்.
இடிக்கலாம் என்றேன்.
இரண்டுக்குப் பூஜ்யம்.
ஆறு வருடத் தாம்பத்தியத்தில்
விவாதமின்றி நிறைவேறிய முதல் தீர்மானம்.

பொறியாளர் மிஸ் பிரிட்சர்ட்
விரல் மடக்கிச் சுவரைத் தட்டினார்,
காது வைத்துக் கேட்டார்.
இது சுமக்கிற சுவர்.
மேலே உங்கள் படுக்கையறை,
அதற்கு மேல் கூரை,
கூரைமேல் புகையே இல்லாத புகைபோக்கி,
எல்லாம் இதன் தோளில்தான்.
கட்டணம் நானூற்றைம்பது பவுண்டு.

இத்தனை நாள் இது சொல்லவே இல்லையே
என்றான் பூவண்ணன்.
எனக்கு ஒரு பதில் வாய்வரை வந்தது.
தேநீர் போடப் போய்விட்டேன்.

டோரின் வந்தார், தம்பி மகன்கள் இருவரோடு.
ஏழு இரும்பு முட்டுகள்.
சுவரை அறுத்தெடுத்த அன்று
உத்திரம் ஏற்றிய லாரி
பிரிஸ்டலுக்கு அந்தப் பக்கம் படுத்துவிட்டது.
இரண்டு இரவு
எங்கள் வீடு ஏழு கால்களில் நின்றது.
கீழே படுத்தால் பயம், மேலே படுத்தால் பாரம்.
மேலேயே படுத்தோம்.
புரளாதே என்றான், கிசுகிசுப்பாக.
நீ மூச்சை மெல்ல விடு என்றேன்.
சிரித்தால் ஆடும் என்று
ஒரே தலையணையை இரண்டு பேரும் கடித்துக்கொண்டோம்.

உத்திரம் ஏறியது. பிறகு நிறம்.
வெள்ளை வேண்டும் என்றேன் கடையில்.
நாற்பத்தொரு வெள்ளை இருக்கிறது என்றான் பையன்.
துவைத்த எலும்பு,
திங்கட்கிழமை மூடுபனி,
பாதிரியாரின் கழுத்துப்பட்டை,
ஆறிய கஞ்சி.
எலும்பின் வெள்ளை எனக்குத் தெரியும்,
தினமும் எக்ஸ்ரே எடுக்கிறேன்,
அது இப்படி இருக்காது.
ஆறிய கஞ்சி வாங்கி வந்தோம். இரண்டு கோட்.

மயில்கழுத்து நிறத்தில் வெல்வெட் சோபா.
தலைகீழாய்த் தொங்கும் மூன்று பித்தளை விளக்குகள்.
குவார்ட்ஸ் மேடையில் மஞ்சள் கறை பிடிக்காதென்று
எழுத்திலேயே உத்தரவாதம்.
பிடித்தது.

வெளிச்சம் வந்தது, பொய் சொல்லக் கூடாது.
காலை எட்டரைக்குப் பின்கதவில் ஏறி
அடுப்பைத் தாண்டி, சோபாவைத் தாண்டி
தெருக் கதவுவரை நடந்து போகும்.
அதே வழியில் மற்றவையும் நடந்தன.
என் கடுகு அவன் ஆபீஸ் மீட்டிங்கில் வெடித்தது.
அவன் மேலாளரின் இருமல் என் ரசத்தில் விழுந்தது.
ஞாயிற்றுக்கிழமை பொரித்த நெத்திலியை
வெல்வெட் புதன்வரை ஞாபகம் வைத்திருந்தது.

அண்ணனோடு பணத்தைப் பற்றிப் பேச
அவன் குளியலறைக்குள் போய்த் தாழிட்டான்.
நான் அழ வேண்டியிருந்த ஒரு வியாழக்கிழமை
இடம் தேடினேன்.
மாடியில் போய் அழுதால் அது பெரிய அழுகை,
காரணம் கேட்பார்கள்.
வெங்காயத்தின்மேல் பழிபோட்டு
நாலு நிமிடத்தில் முடிகிற அழுகைக்குத்தான்
இந்த வீட்டில் இடமில்லாமல் போயிருந்தது.
காரில் போய் உட்கார்ந்து
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு அழுதேன்.

நவம்பரில் ஒரு நீளமான பெட்டி வந்தது.
பூவண்ணன் ஆர்டர் செய்தது.
ஓக் மரம், முதுகில்லாத அலமாரி,
அறை பிரிப்பான் என்று பெயர்.
சுவர் நின்ற இடத்தில் தரைப்பலகை புதிது,
அங்கே மட்டும் ஒரு கோடு வெளுப்பாய் ஓடும்.
அந்தக் கோட்டின் மேலேயே நிறுத்தினான்.
விலை என்ன என்று நான் கேட்கவில்லை.
மறுபக்கம் நின்று
ஒவ்வொரு கட்டம் வழியாகவும் ஸ்க்ரூ நீட்டினேன்.

இப்போது வெங்காயம் நறுக்கும்போது
மூன்றாம் தட்டின் இடைவெளியில்
அவன் கை மட்டும் தெரியும்.
சில நாள் அது ஒரு டம்ளர் தண்ணீரை
என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு
எதுவும் கேட்காமல் திரும்பிப் போகும்.