பதில் இல்லை

கொளஞ்சியப்பன் தலையில் தேங்காய் எண்ணெய்.
ஸ்பிரிட் தொட்டு மூன்று முறை துடைத்தும்
பின்மண்டையில் கம்பி ஒட்டவில்லை.
"எண்ணெய் வைக்காம வரச் சொன்னோமே."
"ஆஸ்பத்திரிக்கு எப்படிங்க பரட்டையா வர்றது?"

புதன்கிழமை மட்டும் ஈப்போவிலிருந்து வேனில் வரும் இந்த மிஷின்.
சுங்கை சிப்புட்டில் இதற்கென்று அறை கிடையாது.
பல் டாக்டர் அறை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி
சதுரங்கக் கட்டங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டுகிறேன்.
வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக.
நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்,
நடுவுல சிவப்புப் புள்ளியைப் பாருங்க.

"ஒண்ணும் சொல்ல வேணாமா?"
அதுதான் அவருக்குப் புதிது.

அறுபத்தெட்டில் பால்மரக் கிளை விழுந்தது, இடப்பொட்டில்.
கண் கண்ணாகவே இருந்தது. சிவப்பில்லை, தழும்பில்லை.
டிரெசர் வர்க்கீஸ் தீக்குச்சி கிழித்து
இமைக்குப் பக்கத்தில் நீட்டினார்.
இமைத்துவிட்டார்.
"சூடுங்க" என்றிருக்கிறார்.
கிராணி எழுதினார்: பார்வை உண்டு, ஆள் நடிக்கிறான்.
மறுநாள் விடியுமுன் பெரட்டில் நின்றார்.

எழுபத்தொன்பதில், இதே ஆஸ்பத்திரியில்
கோடு போட்ட உருளையைச் சுற்றினார்கள்.
கோட்டின் பின்னால் கண் ஓடி ஓடித் திரும்பியது,
ரயில் ஜன்னலில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஓடுகிற மாதிரி.
நல்ல கண்ணை மூட யாருக்கும் தோன்றவில்லை.
ஒரே நுகத்தடி, ஒன்று இழுத்தால் மற்றதும் போகும்.
மறுபடி அதே வரி. இந்த முறை டைப் அடித்து.

இப்போது வலது: நூறு மில்லிசெகண்ட் தாண்டி
ஒரு மேடு. புரை விழுந்த கண், கொஞ்சம் சரிந்த மேடு.
அதை அறுக்குமுன் டாக்டருக்குத் தெரியவேண்டும்
இருப்பது இந்த ஒன்றுதானா என்று.
இடது: நூறு தடவை புரட்டினேன்.
சந்தேகம் வந்து, கம்பியை மாற்றி ஒட்டி, இன்னொரு நூறு.
கோடு. படுத்த கோடு.

"அப்பவே இந்த மிஷின் இருந்திருந்தா?"

மிஷின் எதற்கு. வலக்கண்ணில் டார்ச் அடித்துச்
சட்டென்று இடக்கண்ணுக்கு மாற்றினால்
சுருங்கவேண்டிய பாப்பா விரிந்துபோகும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
டிரெசர் அறையில் டார்ச் இருந்ததா என்று மட்டும் கேட்டேன்.
"ஆணியில தொங்கும். ராத்திரி பிரசவத்துக்கு எடுத்துட்டுப் போவாரு."

மலாயில் எழுதியதைத் தமிழில் சொன்னேன்:
இடது கண், பதில் இல்லை.

"பதில் இல்லையா?
முப்பது வருசமா சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்."

பசை காயாத தலையோடு பசார் பக்கம் போனார்,
சைக்கிளை இடப்பக்கம் வைத்துத் தள்ளிக்கொண்டு,
அந்தப் பக்கமிருந்து யாரும் வந்து மோதாதபடி.