பன்னிரண்டு மில்லிமீட்டர்

பார்த்துக்கலாம் என்ற சொல்லை வைத்துத்தான்
இதுவரை கட்டிடம் எழுப்பினோம்.
குழாய் தவறினால் உடை, பூசு.
கதவு இடித்தால் சீவு.

தெங்காவில் இந்த வேலைக்கு
வரைபடத்தை ஜனவரியிலேயே பூட்டிவிட்டார்கள்.
இன்னும் ஊற்றாத சுவரைத் திரையில் காட்டி
அளவு சரிதானா என்றார் குவெக்.
சவரிமுத்து என்னைப் பார்த்தான்,
நான் மேசையை.

ஆகஸ்டில் லாரியேறி வந்தன குளியலறைகள்,
ஓடு பதித்து, குழாய் மாட்டி,
பிளாஸ்டிக் உரிக்காத கண்ணாடியோடு.

பதினோராம் மாடி.
கிரேன் கொக்கியில்
யாரோ குளிக்கப்போகும் அறை
வெயிலில் மெல்லத் திரும்புகிறது.
இடம் பன்னிரண்டு மில்லிமீட்டர் போதவில்லை.

சவரிமுத்துவின் கை உளியைத் தேடிப்போய்
வெறும் இடுப்பைத் தட்டிவிட்டு வந்தது.
வாக்கி டாக்கியில் இரைச்சல்.
பிறகு குவெக்,
எங்களிடம் கற்ற ஒரே தமிழ்ச்சொல்லில்:
பார்த்துக்கலாமா?

யாரும் சிரிக்கவில்லை.
பெட்டி இறங்கியது, வந்த லாரிக்கே.
செனோக்கோ ஆலைக்குத் திரும்பும் வண்டிக்குக்
கையெழுத்துப் போட்டேன்.

இரவு அலுவலகத்தில் புதுப் படிவம்.
பிழை எப்போது தெரிந்தது?
இன்றைய தேதியை எழுதி,
அடித்து,
ஜனவரி என்று எழுதினேன்.