சாயம் போகாதவை

வீரபாண்டிப் பட்டறையில் எனக்கு ஒன்பது வருசம்.
துணியை முக்கு, நிறம் பிடிக்க விடு, அலசு.
அலசின தண்ணீர் தெளிந்து வந்தால் சாயம் நின்றது.
கலங்கி வந்தால் பார்ட்டி திருப்பி அனுப்புவான்.
பட்டறைக்குப் பூட்டு விழுந்த பிறகு படித்து
இந்த லேபுக்கு வந்தால்
இங்கேயும் அதே வேலை.

கண்ணாடிச் சில்லில் சீழை மெல்லிசாக இழுத்து
தீயில் காட்டி
ஊதா ஒரு நிமிசம், அயோடின் ஒரு நிமிசம்,
சாராயத்தில் ஒரு அலசு, கடைசியில் சிவப்பு.
சிலது அலசலில் வெளுத்துச் சிவப்பை வாங்கிக்கொள்ளும்.
சிலது ஊதாவை விடவே விடாது.
உருண்டைகள் பெரும்பாலும் விடாத சாதி.
பட்டறையாக இருந்தால் முதல் தரம் என்று முத்திரை குத்தியிருப்பேன்.

முப்பதாம் நம்பர் நூலின் குறுக்கே
நூற்றைம்பது பேர் தோளோடு தோள் நிற்கலாம், அவ்வளவு பொடிசு.
தனியாக நிற்கத் தெரியாதவை.
சரம் கோத்துப் போவது தொண்டையில் புண்ணாகி
சில பிள்ளைகளுக்கு மூட்டில் வீங்கி
இதய வால்வைக் கவ்வும்.
ஒருதரம் எட்டு மாசக் குழந்தையின் முதுகுத்தண்டு நீரில்
காப்பிக்கொட்டை போல இரண்டிரண்டாய், வெளுத்துச் சிவந்து.
வார்டு நம்பரை அன்றைக்கு
என் விரல் மறந்துபோனது.

கொத்தாய் நிற்பதுதான் எங்களுக்குத் தினசரி.
தொண்டாமுத்தூர்த் திராட்சையைப் பந்தலிலிருந்து பறித்து வைத்த மாதிரி.
கட்டி, சிரங்கு, எலும்புப் புரை.

ஆவணியில் மூணு சிசேரியன் தையல் ஒரே வாரத்தில் பிரிந்தது.
துளசிமணி. ரெஜினா.
பபிதா நாயக், ஒடிசாக்காரி, பனியன் கம்பெனியில் கைமடி,
வலியை எந்த பாஷையில் சொல்வதென்று தெரியாமல்
இரண்டு நாள் சொல்லாமலே கொதித்தாள்.
மூன்று தட்டிலும் ஒரே மஞ்சள்.
ஈரோட்டுச் சந்தையில் விரலியை முறித்தால் உள்ளே தெரியுமே, அது.
மயிலம்பாடி ஆட்டு ரத்தத்தில் வளர்ந்து
சுற்றிலும் ரத்தத்தைத் தின்று வெளுத்த வளையம்.

"யாரோ மூக்குல குடி வச்சிருக்காங்க" என்றார் டாக்டர் ஷமீம்.
பத்துக்கு மூணு பேர் நோவில்லாமல் வைத்துக்கொண்டு திரிவார்களாம்.
பஞ்சுக்குச்சியோடு போனேன்.
எஸ்தர் சிஸ்டர் தும்மினார்.
ஆயா மயிலாத்தாள்,
"ஏஞ்சாமி, கூட்டறவ மேலதான் பழி வருமுங்களா" என்று
முகத்தைத் தராமல் மூக்கை மட்டும் தந்தாள்.
பதினாலு பேர். தட்டு பதினைந்து.
மீந்ததை வீணாக்குவானேன் என்று
என் மூக்கிலும் ஒரு சுற்று.

மறுநாள் முப்பத்தேழு டிகிரிப் பெட்டியைத் திறந்தேன்.
பதினாலிலும் எல்லார் மூக்கிலும் இருக்கிற வெள்ளை, சாது.
பதினைந்தாவதில்
மஞ்சள் விளைந்திருந்தது.

குழாயில் பிளாஸ்மா விட்டு நாலு மணி நேரம் பார்த்திருந்தேன்.
உறை ஊற்றின பால் மாதிரி கெட்டியாகி
சாய்த்தாலும் அசையவில்லை.
தினம் காலை ஆறு மணிக்கு அந்த வார்டில் ரத்தம் எடுக்கிறவன் நான்.
பபிதாவுக்கு நரம்பு தட்டுப்படாமல்
கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தவன்.
எழ முடியாதவளைத் தையலோரம் தாங்கி உட்கார வைத்தவன்.
என்னுடையதும் அவளுடையதும் ஒன்றுதானா என்று
அடித்துச் சொல்ல எங்கள் லேபில் வசதி இல்லை.
அது ஒரு ஆறுதல் என்று ஒரு நாள் முழுக்க நினைத்திருந்தேன்.

படிவத்தில் எழுதினேன்: பொங்கியண்ணன், லேப். பாசிட்டிவ்.

டாக்டர் திட்டவில்லை.
களிம்பு எழுதினார், இரண்டு மூக்கிலும், அஞ்சு நாள்.
மயிலாத்தாளிடம் நானே போய்ச் சொன்னேன்.
"அட, நீங்களாங்க" என்றாள்.
சிரிக்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பட்டறை நாளில் முழங்கை வரைக்கும் எனக்கு நீலம்.
பஸ்ஸில் பார்த்த உடனே தள்ளி உட்காருவார்கள்.
இப்போது கை வெள்ளை.
பல்லடம் வண்டியில்
யாரோ ஒரு அம்மா குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு
சில்லறை தேடுகிறாள்.