பொத்தான்

லுசாக்காவில் மூட்டை பிரிக்கும் நாள் செவ்வாய்.
சலாவுலா என்போம்,
குவியலுக்குள் கைவிட்டுக் கிளறி எடுப்பது.
யாரோ வேண்டாமென்று கொடுத்த கம்பளிக் கோட்
இருநூற்றெண்பது குவாச்சாவுக்குப் படிந்தது எனக்கு.
கிளம்பும்போது இலவசம்தான்.
எடைக்கு ஒருவன், கப்பலுக்கு ஒருவன்,
சுங்கத்துக்கு எங்கள் அமைச்சகமே என்று
வழிநெடுக விலை ஏறி வந்துவிட்டது.
உள்பையில் ஒரு ரயில் சீட்டு, எழுத்து மங்கி. பாரிஸ்.
இரண்டு முறை அலசியும் போகவில்லை
வேறொருத்தியின் குளிர்கால வாசனை.

பிப்ரவரியில் அதை மாட்டிக்கொண்டு
அதன் ஊருக்கே போனேன்,
கடனுக்குத் தவணை கேட்க.

நாங்கள் மூன்று பேர். அவர்கள் பதினெட்டு.
வெப்பமூட்டி பழுது, மன்னிக்கவும் என்றார்கள்.
யாரும் கோட்டைக் கழற்றவில்லை.
எங்கள் தலைவர் சிம்விங்கா
தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.
ஏழாம் பிரிவில் ஒரு காற்புள்ளிக்கு
ஒரு முற்பகல் செலவானது.
கால் சதவீதம்தானே, என்றார் ஒருவர்.
தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
கால் சதவீதம் என்பது
ஆயிரத்து நூறு தாதிகளின் ஒரு வருடச் சம்பளம்.
உரக்கவே சொன்னேன்.
மொழிபெயர்ப்பாளர் 'தாதிகள்' என்ற இடத்தில்
சற்று நின்று, பிறகு சொன்னார்.
யாரோ செருமினார்கள்.

அப்போதுதான் நூல் இற்று
என் இரண்டாவது பொத்தான் விழுந்தது.
பித்தளை. கோப்புகளுக்கு நடுவே,
குவளைகளைச் சுற்றிக்கொண்டு
எதிர்ப்பக்கம் உருண்டது
போகிற வழி தெரிந்தது போல.

பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு.
நான் சிங்கோலாக்காரி.
எங்கள் செம்பு தகடாகப் போகும்,
கம்பியாய்க் குழாயாய்ப் பூட்டாய் வரும்.
போன விலைக்கும் வந்த விலைக்கும் நடுவில்
ஒரு சமுத்திரம்,
அதன் இருகரையிலும் ஆட்கள்.
இது எந்தச் சுரங்கத்தது என்று
எப்படிக் கேட்பது ஒரு பொத்தானிடம்?

மதாம் கெர்மரெக் அதை எடுத்துத்
தன் கைக்குட்டையில் துடைத்தார்.
அத்தனை நீள மேசையைச் சுற்றி நடந்துவந்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
நல்ல மனுஷி. விரல்கள் சில்லென்றிருந்தன.
அந்த இரண்டு நாளில்
வட்டியில்லாமல் எங்களிடம் திரும்பியது அது ஒன்றுதான்.
நான் அதைச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.
உண்மையாகவே சிரித்தோம்.
பிறகு எட்டாம் பிரிவு.

ராத்திரி, விடுதி கொடுத்த ஊசிநூலோடு
கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.
கசூபா கூப்பிட்டாள், என் தங்கை.
தாதிப் படிப்பு முடித்து நாலு வருடம்,
பெயர் பட்டியலில் இருக்கிறது,
வேலை இன்னும் இல்லை.
அங்கே மின்சாரம் போயிருந்தது,
குரல் மட்டும் இருட்டிலிருந்து வந்தது.

என்ன கொடுத்தார்கள்?

நேரம். மூன்று வருடம்.

கொஞ்சம் சத்தமில்லை.
நேரமா, என்றாள்.
அதை என்னிடமே கேட்டிருக்கலாமே அக்கா,
நிறைய வைத்திருக்கிறேன்.

முடிச்சு சரியாக விழவில்லை.
பிரித்து மறுபடி கோத்தேன்.