கலக்கி

சார்ஜா, பத்தாம் நம்பர் தொழிற்பேட்டை.
விடிகாலை நாலே முக்கால்.
கம்பெனி பஸ் வர இன்னும் பதினோரு நிமிஷம்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்
மொஃபிஜுல், சிட்டகாங்காரர்.
ஒரு கையால் முட்டை உடைப்பார்,
மறு கையால் சில்லறை தள்ளுவார்.

வந்த புதிதில் எனக்கு இந்தி வராது.
விரலைச் சுழற்றிக் காட்டினேன்:
முழுசா வேக வேண்டாம்,
ஓரத்தைச் சுருட்டு, நடுவில் குழையட்டும்,
கலக்கி, பாய், கலக்கி.
பசியில் நெஞ்சைத் தொட்டு வேறு சொல்லித் தொலைத்தேன்.

அப்புறம் நைட் ஷிஃப்ட். மூன்று மாதம்
இந்தப் பக்கமே வரவில்லை.

இன்று பலகையில் ஒரு புது வரி,
மேலே அரபியில், கீழே ஆங்கிலத்தில்.
எனக்கு முன்னால் பெஷாவர் லாரிக்காரர்
"தோ கலாகி" என்கிறார்.

மொஃபிஜுல் என்னைப் பார்த்துவிட்டார்.
கரண்டியைத் தூக்கி
வரிசைக்கே அறிவிக்கிறார்:
"இவர்தான் அந்தக் கலாகி!"

லாரிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்,
எனக்குப் பின்னால் யாரோ கை தட்டுகிறார்கள்.

லேபர் கார்டில் இருப்பது
இருளாண்டி மகன் தவசி.
அதை விளக்க எந்த மொழியிலும் நேரமில்லை,
பஸ் ஹாரன் அடிக்கிறது.

"ஒரு கலாகி" என்கிறேன்.
"மிளகு தூக்கலா."